மேட்டில் திணறும் கார்: ஊசி ஏறுதா, வண்டி ஏறுதா?

சிங்கப்பூரில் மலை என்று சொல்லிக்கொள்ள இருப்பது 164 மீட்டர் புக்கிட் தீமா. அதன் உச்சிக்கும் நடந்துதான் போக வேண்டும். மற்றபடி நம் கார்கள் ஏறுவதெல்லாம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிக் கார்நிறுத்தத்தின் சரிவு, ஒரு மேம்பாலம், எப்போதாவது மவுண்ட் ஃபேபர். அதனால் இஞ்சினின் பலம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தாலும் பல மாதம் யாருக்கும் தெரிவதில்லை. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மலேசியாவின் பத்துமலைக்குப் போய், முருகனைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே கெந்திங் மலை ஏறலாம் என்று வண்டியைத் திருப்பும்போதுதான் விஷயம் வெளியே வரும். ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் வண்டி 40ஐத் தாண்டாது. பின்னால் பஸ்காரர் ஹாரனை விடமாட்டார்.

ஊர் திரும்பிச் சொன்னால் ஆளுக்கொரு வைத்தியம் கிடைக்கும். "98 ஊத்திப் பாரு." "பிளக் மாத்து." "இன்ஜெக்டர் கிளீனர் ஒரு பாட்டில் விடு." "பத்து வருஷ வண்டிதானே, இஞ்சின் போச்சு." இவை எல்லாமே ஏதோ ஒரு காருக்குச் சரியாக இருந்திருக்கும். உங்கள் காருக்குச் சரியா என்பது மட்டும் குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதை. ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பதற்கு ஆகும் காசில் கால்வாசி கூட ஆகாது, எது குறைகிறது என்று முதலில் அளந்து பார்க்க. அந்த அளவை எப்படிப் புரிந்துகொள்வது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். பெட்ரோல் கார்களைப் பற்றி மட்டும். டீசல் வேன்களின் கதை வேறு.

சமதரையில் தெரியாத நோய்

நெஞ்சு வலி என்று போனால் டாக்டர் முதலில் படுக்க வைத்து ஈசிஜி எடுப்பார். அதில் ஒன்றும் தெரியாவிட்டால் டிரெட்மில்லில் ஏற்றி நடக்க விடுவார். படுத்திருக்கும்போது இதயத்துக்கு வேலை குறைவு. அடைப்பு இருந்தாலும் சமாளித்துவிடும். நடக்க நடக்கத்தான் குட்டு வெளிப்படும். காருக்கு மேடுதான் டிரெட்மில்.

கணக்காகவே பார்ப்போம். ஓட்டுநரோடு சேர்த்து 1,300 கிலோ இருக்கும் ஒரு செடான், சமதரையில் 60 கி.மீ. வேகத்தில் சீராகப் போக டயர் உராய்வையும் காற்றின் தடையையும் வென்றால் போதும். அதற்கு 4 முதல் 5 கிலோவாட் ஆகும். அதே வேகத்தில் 10 விழுக்காடு ஏற்றம், அதாவது 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் சாலை, வந்தால் அந்த 1,300 கிலோவைத் தூக்க மட்டும் இன்னும் 21 கிலோவாட் வேண்டும். மேலும் நான்கு பேர், பெட்டி, முறுக்கு டின் எல்லாம் சேர்த்து 300 கிலோ கூடினால் அதற்கு இன்னொரு 5. ஏசி கம்ப்ரசர் தன் பங்குக்கு 2, 3 கிலோவாட் பிடுங்கிக்கொள்ளும். மொத்தம் 33 கிலோவாட்டுக்கு மேல். சமதரைத் தேவையைப் போல ஏழு மடங்கு.

1.6 லிட்டர் இஞ்சின் 85 கிலோவாட்டுக்கு மேல் தரும் என்று பட்டியலில் போட்டிருப்பார்கள். அது நிமிடத்துக்கு 6,000 சுற்றை ஒட்டிக் கிடைக்கும் உச்சம். 2,000 சுற்றில் அதே இஞ்சின் தருவது 30 கிலோவாட் அளவுதான். ஆகவே நல்ல இஞ்சினும் மேட்டில் கியரைக் குறைத்து 3,500, 4,000 சுற்றுக்குப் போய் உறுமத்தான் செய்யும். அந்த உறுமலைக் கேட்டு வண்டியில் கோளாறு என்று பயப்படுகிறவர்கள் நிறைய. அது கோளாறில்லை. இஞ்சின் தன் பலத்தில் 30 விழுக்காட்டை இழந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் 5 கிலோவாட் கேட்கும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது. மேட்டில் 4,000 சுற்றில் உறுமினாலும் வேகம் விழுந்துகொண்டே வரும். அதுதான் கோளாறு.

இதுவரை: மேடு கோளாறை உண்டாக்குவதில்லை, இருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது. இஞ்சினிடம் ஒரு நேரத்தில் கேட்கப்படும் வேலையின் அளவைச் சுமை என்போம். சுமை கூடும்போது மட்டும் வரும் கோளாறைச் சுமை இல்லாத இடத்தில் தேடினால் கிடைக்காது. பட்டறையில் பானட்டைத் திறந்து ஐடிலில், அதாவது மிதிக்காமல் நின்ற இடத்திலேயே, ஓடவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்று அனுப்பிவிடுவது இதனால்தான்.

முதலில் ஊசியைப் பாருங்கள்

மேட்டில் திணறும்போது, இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்பிஎம் ஊசி என்ன செய்கிறது? பாதி விடை இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

ஊசி விர்ரென்று மேலே போகிறது, வண்டி மட்டும் போகவில்லை என்றால் இஞ்சின் நன்றாக இருக்கிறது. அதன் பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. மேனுவல் வண்டியில் கிளட்ச் தட்டு வழுக்குகிறது. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் எண்ணெய் குறைந்திருக்கலாம், அல்லது உள்ளே கிளட்ச் தேய்ந்திருக்கலாம். சிவிடி கார்களில் மட்டும் ஒரு எச்சரிக்கை: அதில் கியர் படிகள் கிடையாது, மிதித்ததும் ஊசி முதலில் ஏறி, வேகம் பின்னால் வருவது அதன் பிறவிக் குணம். ஊசி மேலே நின்றபடி வேகம் கூடாமல் குறைந்துகொண்டே போனாலோ, ஊசி காரணமில்லாமல் ஏறி இறங்கினாலோதான் சந்தேகப்பட வேண்டும்.

முழுக்க மிதித்தும், கியர் இறங்கியும், ஊசி மேலே வர மறுக்கிறது, இஞ்சின் மூச்சு முட்டுகிறது என்றால் கோளாறு இஞ்சின் பக்கம். ஊசி ஏதோ ஓர் எண்ணில், பெரும்பாலும் 2,500 அல்லது 3,000இல், சுவரில் முட்டியதுபோல நின்று, கூடவே இஞ்சின் விளக்கும் எரிந்தால், காரின் கணினி இஞ்சினைக் காப்பாற்றுவதற்காகத் தானே கடிவாளம் போட்டிருக்கிறது. வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் சரியாகிவிடும். சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டு மறந்துவிடாதீர்கள்.

மூன்றாவது வகையும் உண்டு. இஞ்சினிலும் கியரிலும் குறையில்லை, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல இருக்கும். பிரேக் காலிப்பர் சிக்கிக்கொண்டு விடாமல் உரசும் வண்டி இப்படித்தான் நடந்துகொள்ளும். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் அனல் அடித்து, கருகிய வாசம் வந்தால் கள்ளன் அங்கே இருக்கிறான்.

சிரிப்பாகத் தோன்றினாலும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று: தரைவிரிப்பு. தடிமனான மேட் ஆக்சிலரேட்டருக்கு அடியில் நகர்ந்து வந்திருந்தால் மிதி முழுதாக இறங்காது. இதை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு அப்புறம் மற்றவற்றுக்குப் போகலாம்.

ஓர் அடுப்பு எரிய என்ன வேண்டும்

இஞ்சினும் ஒரு வகையில் அடுப்புதான். காற்று வேண்டும், எரிபொருள் வேண்டும், பற்றவைக்க நெருப்பு வேண்டும், புகை வெளியேற வழி வேண்டும். அடுப்புக்குத் தேவைப்படாத ஒன்று இஞ்சினுக்குத் தேவை: பற்றவைப்பதற்கு முன் அந்தக் கலவையைச் சிலிண்டருக்குள் பத்தில் ஒரு பங்குக்கு நெருக்கி அழுத்த வேண்டும். அதைச் சிலிண்டர் அழுத்தம் என்போம்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். நீங்கள் காலால் மிதிப்பது பெட்ரோலை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மிதி திறப்பது காற்றின் கதவைத்தான். உள்ளே வந்த காற்றை அளந்து, அதற்கேற்ற பெட்ரோலைக் கணினி தெளிக்கிறது. ஆகவே காற்று குறைந்தாலும் பலம் குறையும். காற்றை அளக்கும் சென்சார் பொய் சொன்னாலும் குறையும். இந்த இரண்டாவது வகைதான் அதிகம் ஏமாற்றும்.

குழாயில் தண்ணீர் வராத கதை: எரிபொருள்

உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயில் எங்கோ அடைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். குளியலறைக் குழாயை மட்டும் திறந்தால் தண்ணீர் நன்றாகவே வரும். யாராவது சமையலறையிலும் திறந்தால்தான் ஷவர் ஒழுகலாக மாறும். பலவீனமான பெட்ரோல் பம்ப் அச்சு அசல் இதேதான். ஐடிலில் இஞ்சின் சொட்டுச் சொட்டாகக் குடிக்கிறது. தேய்ந்த பம்பும் ஈடுகொடுக்கும். மேட்டில் பல மடங்கு கேட்கும்போது பெட்ரோலின் அழுத்தம் விழுந்துவிடும்.

காற்று நுழையும் குழாயில் பெட்ரோல் தெளிக்கும் சாதாரண இஞ்சின்களில் இந்த அழுத்தம் 3 முதல் 4 பார் (அழுத்தத்தின் அலகு) இருக்க வேண்டும். சரியான எண் அந்தக் காரின் கையேட்டில் இருக்கும். அழுத்தமானியைப் பொருத்தி, நிறுத்தி வைத்த வண்டியில் பார்த்தால் மட்டும் போதாது. சுமையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஐடிலில் 3.3 காட்டிய மானி ஏற்றத்தில் 2.2க்கு இறங்கினால் பம்ப், அல்லது அதற்கு முன்னால் இருக்கும் வடிகட்டி. இப்போதைய பல கார்களில் வடிகட்டி பெட்ரோல் டாங்குக்குள்ளேயே, பம்போடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இஞ்சின்களில் இரண்டாவது பம்ப் ஒன்று 100 பாருக்கு மேல் அழுத்தும். அந்தப் பக்கத்துக் குழாயை வீட்டில் கழற்றவே கூடாது, கையைத் துளைத்துவிடும்.

டாங்க் அடியில் இருக்கும்போது மட்டும் திணறினால் வேறு விஷயம். ஏற்றத்தில் பெட்ரோல் பின்பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். டாங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிரவைப்பதும் அதே பெட்ரோல்தான். உட்லண்ட்ஸ் எல்லையைத் தாண்டும்போது முக்கால் டாங்க் இருக்க வேண்டும் என்ற நம் விதி வேறு காரணத்துக்காகப் போட்டதுதான் என்றாலும், பம்புக்கும் அதில் நன்மை இருக்கிறது.

தேக்காவில் கூப்பிடுவது போல: பொறி

விடிகாலைத் தேக்கா சந்தையில் நாலு கடை தள்ளி நிற்பவரை மெதுவாகக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் கத்த வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் பொறிக்கும் இதே பாடு. லேசான ஓட்டத்தில் சிலிண்டருக்குள் காற்று குறைவு. 10,000 வோல்ட் அளவில் பொறி பாய்ந்துவிடும். முழுதாக மிதித்தால் உள்ளே காற்று அடர்ந்து நெருங்கும், பொறிக்கு 25,000 வோல்ட்டுக்கு மேலும் தேவைப்படும். பிளக்கின் முனை தேய்ந்து 1.1 மில்லிமீட்டர் இடைவெளி 1.4 ஆகியிருந்தால் இன்னும் கூடுதலாகக் கேட்கும். பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் காயில் பழசாகி, அதைத் தர முடியாமல் போகும்போது அந்தச் சிலிண்டரில் கலவை எரியாமலே வெளியேறுகிறது. இதற்குப் பெயர் மிஸ்ஃபயர். மேட்டில் வண்டி ஒரு தாளத்தோடு உதறுவது, விக்குவதுபோலத் தள்ளுவது இதன் அடையாளம்.

பிளக்கைக் கழற்றினால் அதுவே பேசும். இஞ்சின் ஆறியபின்தான் கழற்ற வேண்டும். வெள்ளைப் பீங்கான் பகுதியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் நெடுக்காக ஒரு கோடு கிழித்ததுபோல மெல்லிய கறுப்புத் தடம் தெரிந்தால், பொறி முனைக்குப் போகாமல் பீங்கானின் வெளிப்புறமாக ஊர்ந்து உலோகத்துக்குப் பாய்ந்திருக்கிறது. காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் அதே இடத்தில் அதற்கு ஜோடியாக ஒரு தடம் இருக்கும். பிளக்கை மட்டும் புதிதாகப் போட்டு உறையை விட்டுவிட்டால் பொறி பழகிய பாதையிலேயே மறுபடி ஓடும். "போன வாரம்தான் பிளக் மாத்தினேன், திரும்ப வந்துடுச்சு" என்பதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். பிளக் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் மேல்மூடியின் கேஸ்கட் கசிகிறது. அதையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும்.

காயிலைச் சோதிக்கச் செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று கணினி சொன்னால், அந்தக் காயிலைக் கழற்றி நான்காம் சிலிண்டரில் போட்டு, நான்காவதை இங்கே போடுங்கள். மறுபடி மேடு ஏறுங்கள். குற்றச்சாட்டு நான்குக்கு மாறினால் காயில்தான். இரண்டிலேயே இருந்தால் பிளக், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டர் அழுத்தம் என்று அடுத்ததைப் பார்க்கலாம்.

இஞ்சின் விளக்கு நிலையாக எரிவதும் கண் சிமிட்டுவதும் ஒன்றல்ல. சிமிட்டினால் மிஸ்ஃபயர் கடுமையாக இருக்கிறது, எரியாத பெட்ரோல் வெளியே போய் அடுத்த பாகத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே காலைத் தளர்த்திவிடுங்கள்.

தொட்டியின் வாய் அடைத்தால்: புகைவழி

அந்த அடுத்த பாகம் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். புகையின் நச்சைக் குறைப்பதற்காகப் புகைக்குழாயில் வைத்திருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் துண்டு. மிஸ்ஃபயரால் வரும் எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரியும்போது அந்தத் தேன்கூடு உருகி, கண்கள் மூடிப்போகும்.

பாத்திரம் கழுவும் தொட்டியின் வடிகால் பாதி அடைத்திருக்கிறது. குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். முழுதாகத் திறந்தால் தொட்டி நிரம்பும். கன்வெர்ட்டர் அடைத்த காரும் அப்படித்தான்: ஐடில் நன்றாக இருக்கும், மெதுவாகப் போனால் போகும், மிதிக்க மிதிக்க மூச்சடைக்கும். பழைய புகை வெளியேறாததால் புதுக் காற்று உள்ளே வர இடமில்லை. புகை திரும்பித் தள்ளும் இந்த விசைக்குப் பின்னழுத்தம் என்று பெயர்.

அளப்பது எளிது. கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் அழுத்தமானியைத் திருக வேண்டும். ஐடிலில் 1.5 பிஎஸ்ஐக்குள்ளும், 2,500 சுற்றில் 3 பிஎஸ்ஐக்குள்ளும் இருந்தால் வழி திறந்திருக்கிறது. சுற்றைக் கூட்டக் கூட்ட 5, 8 என்று ஏறினால் அடைப்பு. புதுக் கன்வெர்ட்டர் விலை உயர்ந்த பொருள். அதை வாங்குவதற்கு முன் பழையது ஏன் உருகியது என்று கேளுங்கள். மிஸ்ஃபயரையோ எண்ணெய் எரிவதையோ நிறுத்தாமல் புதியதைப் பூட்டினால் அதுவும் சில மாதத்தில் அதே கதிக்குப் போகும்.

காற்றும் அழுத்தமும்

காற்று வடிகட்டியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். புகைமூட்டக் காலத்துக்குப் பிறகு கட்டாயம் பாருங்கள். காற்றின் கதவு இருக்கும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தால் பலம் திரும்பும் என்று விற்பார்கள். அங்கே படியும் கரி ஐடிலைக் கெடுக்கும். முழுதாகத் திறந்த கதவின் ஓரத்தில் இருக்கும் கரியால் மேடு ஏறுவதில் பெரிய வித்தியாசம் வராது. காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளும் டர்போ உள்ள வண்டியில் குழாய்களின் கிளிப் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்; மிதிக்கும்போது "உஸ்ஸ்" என்ற சத்தம் புதிதாகக் கேட்டால் அமுக்கிய காற்று வழியில் கசிகிறது.

சிலிண்டர் அழுத்தத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது குறைவதுதான் அரிது, சரிசெய்யச் செலவும் அதிகம். எல்லாப் பிளக்கையும் கழற்றி, மிதியை முழுக்க அழுத்தியபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றி அளப்பார்கள். நல்ல இஞ்சின்களில் பொதுவாக 12 பாருக்கு மேல் இருக்கும். எண்ணைவிட முக்கியம், சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் 10, 15 விழுக்காட்டுக்குள் இருப்பது. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்து, எண் ஏறினால் பிஸ்டன் வளையம், ஏறாவிட்டால் வால்வு. "இஞ்சின் போச்சு" என்று யாராவது சொன்னால் இந்த எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள்.

இதுவரை: ஐந்து இடங்கள். பெட்ரோல் அழுத்தம், பொறி, புகைவழி, காற்று, சிலிண்டர் அழுத்தம். ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு உண்டு. எதை முதலில் அளப்பது என்பதைக் காரே சொல்லும்.

கணினியிடம் கேட்பது

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 துளை உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதற்கு ஓபிடி என்று பெயர். சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் புளூடூத் கருவியைச் செருகினால் கைபேசியில் கார் பேசும். பலரும் அதில் குறியீட்டை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பி0171 என்று வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றியவர்கள் ஏராளம். அந்தக் குறியீடு சொல்வது "கலவையில் பெட்ரோல் போதவில்லை" என்பது மட்டும்தான். அதைச் சொல்லிய சென்சாரையே மாற்றுவது, காய்ச்சல் என்று காட்டிய தெர்மாமீட்டரை உடைப்பதற்குச் சமம்.

பார்க்க வேண்டியது ஃபியூல் ட்ரிம் என்ற எண்ணை. கணினி கணக்குப்படி தெளிக்கும் பெட்ரோலோடு, நிலைமையைப் பார்த்து எத்தனை விழுக்காடு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதே அது. ரசம் வைக்கும்போது ருசி பார்த்து உப்பைச் சரிசெய்வதுபோல. கூட்டலோ கழித்தலோ 5க்குள் இருந்தால் ஆரோக்கியம், 10 வரை பொறுக்கலாம். குறுகிய காலம், நீண்ட காலம் என்று இரண்டு எண் காட்டும், இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது எண்களை எங்கே, எப்போது பார்க்கிறோம் என்பதுதான் வித்தை. ஐடிலில் +18, சுற்று கூடியதும் +4 ஆகிவிட்டால் எங்கோ குழாய் விரிசல் வழியாகக் கள்ளக்காற்று நுழைகிறது. அது மேட்டுத் திணறலுக்கு முக்கியக் காரணமாக இருக்காது. ஐடிலில் +3, ஏற்றத்தில் +20 என்றால் இரண்டே பேர்மேல் சந்தேகம்: பெட்ரோல் வரவில்லை, அல்லது காற்றை அளக்கும் மேஃப் சென்சார் குறைத்துச் சொல்கிறது. இவர்களைப் பிரிக்க மேஃப் எண்ணைப் பாருங்கள். டர்போ இல்லாத 1.6 லிட்டர் இஞ்சின் முழு மிதியில் 5,000 சுற்றில் வினாடிக்கு 65 கிராம் காற்றை ஒட்டி உறிஞ்ச வேண்டும். 60க்கு மேல் காட்டியும் ட்ரிம் +20 என்றால் பம்ப் பக்கம் போங்கள். 42தான் காட்டுகிறது, ட்ரிமும் +20 என்றால் சென்சார் அழுக்கு. 42 காட்டுகிறது, ஆனால் ட்ரிம் சாதாரணமாக இருக்கிறது என்றால் சென்சார் உண்மையைச் சொல்கிறது: காற்றே வரவில்லை. வடிகட்டி, அல்லது அடைத்த புகைவழி.

மேஃப் சென்சாரைச் சுத்தம் செய்ய அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை மட்டும் பயன்படுத்துங்கள். பிரேக் கிளீனர் வேண்டாம். பஞ்சு, துணி, விரல் எதுவும் அந்த முடிபோன்ற கம்பியில் படக்கூடாது. தெளித்து, பத்து நிமிடம் காயவிட்டு மாட்டுங்கள்.

ஓட்டுகிறவர் கைபேசியைப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து படிக்கட்டும், அல்லது செயலியில் பதிவு செய்துவிட்டு வீட்டில் பாருங்கள். எக்ஸ்பிரஸ்வேயில் சோதனை வேண்டாம். அங்கே வண்டி நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் அருகிலுள்ள கார்நிறுத்தம்வரை இலவசமாக இழுத்துப்போகும் என்பது உண்மைதான், ஆனால் அதுவரை நீங்கள் நிற்கும் இடம் ஆபத்தானது.

98 ஊற்றினால் ஏறுமா?

ஆக்டேன் எண் பெட்ரோலின் பலத்தைச் சொல்வதில்லை. நெருக்கி அழுத்தும்போது, பொறி மூட்டிய தீ வந்து சேர்வதற்குமுன் தானாக வெடிக்காமல் பொறுத்திருக்கும் தன்மையைச் சொல்கிறது. அப்படி முந்திக்கொண்டு வெடிப்பதை நாக் என்பார்கள். தகர டப்பாவில் கோலிக்குண்டு உருட்டும் சத்தம். நாக் கேட்டால் கணினி பொறியைத் தாமதப்படுத்தும், பலம் குறையும். எனவே 98 வேண்டும் என்று எழுதியிருக்கும் டர்போ வண்டிக்கு 95 ஊற்றினால் ஏற்றத்தில் வித்தியாசம் தெரியும். 92 போதும் என்ற வண்டிக்கு 98 ஊற்றினால் பர்ஸுக்குத்தான் வித்தியாசம். பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள், போதும்.

இன்ஜெக்டர் கிளீனர் சில வண்டிகளில் உதவும். நேரடித் தெளிப்பு இஞ்சினில் காற்று வால்வின் முதுகில் படியும் கரிக்கு மட்டும் அது ஒன்றும் செய்யாது. அந்த வண்டிகளில் பெட்ரோல் வால்வைத் தொடுவதே இல்லை. அதைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சித்தான் எடுக்க வேண்டும்.

மலையே பிடித்துக்கொள்ளும் பங்கு

கெந்திங் உச்சி கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டர் அளவு. அங்கே காற்று சிங்கப்பூரில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு மெலிந்தது. டர்போ இல்லாத இஞ்சின் எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் அந்தப் பங்கை இழந்தே தீரும். ஹைபிரிட் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: நீண்ட ஏற்றத்தில் பேட்டரி காலியானதும் மின்மோட்டாரின் உதவி குறைந்து, சின்ன இஞ்சின் கிட்டத்தட்டத் தனியாக இழுக்கும். ஐந்தாம் நிமிடம் பறந்த வண்டி பதினைந்தாம் நிமிடம் திணறினால் முதலில் பேட்டரிக் கட்டங்களைப் பாருங்கள். பின் சீட் பக்கமுள்ள பேட்டரி விசிறியின் காற்றுவாயில் துணிமூட்டையை வைத்து அடைக்கவும் கூடாது.

வெப்ப ஊசி ஏறினால் ஏசியை அணைத்து, கியரைக் குறைத்து, வலுக்கட்டாயமாக மிதிக்காமல் போங்கள். இன்னும் ஏறினால் ஓரம்கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே வேண்டாம்.

பட்டறையில் என்ன சொல்வது

"பிக்கப் இல்லை" என்று மட்டும் சொன்னால் எதை வேண்டுமானாலும் மாற்றுவார்கள். சின் மிங்கோ காக்கி புக்கிட்டோ, எங்கே போனாலும் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இஞ்சின் சூடானபிறகுதான் வருது. மூன்றாம் கியரில், முழுசா மிதிச்சா 5,000 சுற்றுக்கு மேல போகலை. உதறல் இல்லை. ஐடிலில் ட்ரிம் +3, ஏற்றத்தில் +20. மேஃப் 61. விளக்கு சிமிட்டலை." இதைக் கேட்ட மெக்கானிக் பிளக் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பெட்ரோல் அழுத்தமானியைத் தேடப் போவார்.

வேலை முடிந்ததும் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். குறியீட்டை அழித்துவிட்டு உடனே சாவியைத் தந்தால் அதோடு விடாதீர்கள். அதே மேடு, அதே கியர், முடிந்தால் அதே ஆள் எண்ணிக்கை. ட்ரிம் 5க்குள் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.